பேக்கப் டேப்பும் நான் போட்ட கையெழுத்தும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டர் மூன்று நாள் படுத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். பொருளாளர், "பேக்கப் இருக்கு, கவலைப்படாதீங்க" என்றார். "அதைத் திறந்து பார்த்தீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் செயலாளர், "சார், அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி நீங்களே பேசிடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார். நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நன்றாக அடிபட்டவன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் பெரிய பெரிய லெட்ஜர்கள்தான். வங்கிகளில் மெஷின் வைப்பது பற்றி 1983-ல் நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. ரிசர்வ் வங்கியின் அப்போதைய துணை கவர்னர் டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகுதான் கிளைகளுக்கு 'அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்' வந்தது. பெயர்தான் நீளம், செய்கிற வேலை லெட்ஜரில் பதிவது. தொண்ணூறுகளில் கிளைக்கு ஒரு சர்வர் என்று ஆனது. இன்று இருப்பதுபோல எல்லாக் கிளைக் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும் ஏற்பாடு அப்போது கிடையாது. எங்கள் கிளையின் கணக்கு முழுவதும் எங்கள் கிளையில், ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்த அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தது.

எனக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை, அதற்கு ஒரு ஸ்பெஷல் அலவன்ஸ். தினமும் சாயங்காலம் கணக்கு முடிந்ததும் டேப்பில் பேக்கப் எடுக்க வேண்டும். டாட் டேப் என்போம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், உள்ளே 4 மில்லிமீட்டர் அகல நாடா. திங்கள் முதல் சனி வரை ஆறு டேப். எடுத்து முடித்ததும் ரிஜிஸ்டரில் தேதி, டேப் எண் எழுதி, 'எடுத்துச் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த நாள் காலை மெசஞ்சர் அந்த டேப்பை ஒரு துணிப்பையில் போட்டுப் பக்கத்துக் கிளைக்குக் கொண்டுபோய் லாக்கரில் வைப்பார். தீ பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் டேப் பிழைக்கும். நல்ல ஏற்பாடுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு இரவு மின்சாரம் ஏறி இறங்கியதில் சர்வர் போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் மத்தியானத்துக்குள் வேறொரு சர்வர் கொண்டுவந்து வைத்தார்கள். சனிக்கிழமை டேப்பைப் போட்டேன். 'படிக்க முடியவில்லை' என்று வந்தது. மறுபடி போட்டேன், அதே பதில். வெள்ளிக்கிழமை டேப், அதே பதில். வியாழன், புதன், எல்லாம் அதே. ஆறு டேப்பையும் ஒன்று மாற்றி ஒன்று திணித்துக்கொண்டே இருந்தேன். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

வெளியே கவுண்டரில் ஒரு அம்மா. ரிட்டயர்டு டீச்சர். கணவருக்கு மறுநாள் கண் ஆபரேஷன். முடிந்துபோன ஒரு டெபாசிட்டை எடுக்க வந்திருந்தார். மேனேஜர் நிலைமையைச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, கம்ப்யூட்டர்ல இல்லைன்னா என் பணம் இல்லையாப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. மேனேஜர் நல்ல மனிதர். ரசீதையும் கையெழுத்தையும் பார்த்து, தன் பொறுப்பில் பணம் கொடுத்து அனுப்பினார்.

மூன்று மணிக்கு ஒரு இளைஞர் வந்தார், கம்பெனி இன்ஜினியர். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சார், இனிமே யாரும் டேப்பைத் தொடாதீங்க." படிக்காத டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் நாடா தேயும், சுருளும், சில சமயம் அறுந்தே போகும். அடுத்து, ஒவ்வொரு டேப்பிலும் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தினார். அதை நகர்த்திவிட்டால் அந்த டேப்பில் எதுவும் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். பதற்றத்தில் யாராவது தப்பான கட்டளை கொடுத்து டேப்பின் ஆரம்பத்தில் நாலு எழுத்து எழுதிவிட்டால், அதற்குப் பின்னால் இருப்பது அழியாமல் இருந்தாலும் டிரைவ் அந்தப் பக்கம் போகவே போகாது. அதோடு டேப் முடிந்தது என்று நின்றுவிடும்.

பிறகு அவர் விசாரணையைத் தொடங்கினார். போலீஸ்காரர் மாதிரி ஒவ்வொருவராக விடுவித்துக்கொண்டே வந்தார். தப்பு மூன்று இடத்தில்தான் இருக்க முடியும் என்றார். ஒன்று டேப். இரண்டு, படிக்கிற டிரைவும் அதன் கேபிளும். மூன்று, படிக்கச் சொல்கிற முறை.

முதலில் கேபிளைப் பார்த்தார். அந்தக் காலத்து ஸ்கஸி கேபிளின் கடைசி முனையில் டெர்மினேட்டர் என்று ஒரு அடைப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு நேரம் படிக்கும், ஒரு நேரம் படிக்காது. அது சரியாக இருந்தது. அடுத்து கிளீனிங் டேப்பை ஒருமுறை ஓட்டினார். பிறகு பக்கத்துக் கிளையிலிருந்து அவர்களுடைய டேப் ஒன்றை வாங்கிவரச் சொல்லி, அதைப் போட்டார். அழகாகப் படித்தது. ஆகவே புது டிரைவ் மேல் தப்பில்லை.

மூன்றாவது, முறை. இங்கே இருக்கும் ஐ.டி. பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். யூனிக்ஸில் டேப்பில் எழுதும்போது தகவலைக் கட்டு கட்டாகக் கட்டி எழுதும். எந்த அளவுக் கட்டாக எழுதினோமோ அந்த அளவு தெரியாமல் படிக்கப் போனால், நல்ல டேப்பும் பிழை என்றுதான் காட்டும். இன்னொன்று, டேப் டிரைவுக்கு அதில் இரண்டு பெயர் உண்டு. ஒரு பெயரில் கூப்பிட்டால் ஒவ்வொரு வேலை முடிந்ததும் நாடா தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். 'என்' என்ற எழுத்து சேர்ந்த இன்னொரு பெயரில் கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரே டேப்பில் இரண்டு பேக்கப் இருந்து, முதல் பெயரில் கூப்பிட்டால் எத்தனை தடவை கேட்டாலும் முதல் பேக்கப்தான் வரும். இரண்டாவது காணோம் என்று தலையில் கை வைத்துக்கொள்வோம். இதையெல்லாம் மாற்றிப் பார்த்தார். அதுவும் காரணமில்லை.

கடைசியில் எங்கள் டேப் ஒன்றைப் பக்கத்துக் கிளை டிரைவில் போட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் படிக்கவில்லை. "டேப்தான் போச்சு" என்றேன். அவர் சிரித்தார். "ஆறு டேப்பும் ஒரே நாள்ல கெட்டுப்போகுமா சார்? எழுதினவன் மேலதான் சந்தேகம்" என்றார்.

எங்கள் பழைய டிரைவின் தலைப்பகுதி நாளாக நாளாக இம்மியளவு நகர்ந்திருக்கிறது. நாடாவில் அது எழுதும் கோடு ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. கொஞ்சம் சாய்ந்து எழுதினால் வேறு எந்த டிரைவுக்கும் அந்தக் கோடு அகப்படாது. எழுதிய டிரைவுக்கு மட்டும் புரியும். சில டாக்டர்கள் எழுதும் சீட்டு அவருடைய கிளினிக்குக் கீழே இருக்கும் மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் புரிகிற மாதிரி.

உயிர்விட்ட சர்வரிலிருந்து பழைய டிரைவைக் கழற்றிப் புது சர்வரில் மாட்டினார். நல்ல வேளை, அதற்கு உயிர் இருந்தது. அதன் முகப்பில் சுத்தம் செய்யச் சொல்லும் விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருந்தது. மாதக்கணக்காக அது அப்படித்தான் மினுக்கியது. அழகுக்கு என்று நினைத்திருந்தேன். சுத்தம் செய்து, சனிக்கிழமை டேப்பைப் போட்டார். பாதியில் நின்றது. அந்த டேப் உண்மையிலேயே தேய்ந்துபோன டேப். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே டேப்பில்தான் எழுதியிருந்தோம். வெள்ளிக்கிழமை டேப்பைப் போட்டார். கோப்பு கோப்பாகப் பிரிக்காமல், முதலில் நாடா முழுவதையும் அப்படியே ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்தார். படிக்காத இடம் வந்தால் நிற்காமல் அதைத் தாண்டிப் போகும்படி கட்டளை கொடுத்தார். பிரிக்கிற வேலையெல்லாம் அந்த நகலில்தான். அசல் டேப்புக்கு ஒரே ஓட்டம். ராத்திரி பதினொன்றரைக்கு வெள்ளிக்கிழமைக் கணக்கு முழுசாக வந்தது.

சனிக்கிழமை வவுச்சர்களைக் கட்டிலிருந்து பிரித்து, அச்சடித்த டே புக்கை வைத்துக்கொண்டு நான்கு பேர் விடிய விடியத் திரும்பப் பதிந்தோம். செவ்வாய்க்கிழமை காலை ஜெனரல் லெட்ஜர் டேலி ஆனபோது மேனேஜர் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்த ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாக 'எடுத்துச் சரிபார்க்கப்பட்டது', என் கையெழுத்து. எடுத்தது உண்மை. சரிபார்த்தது? ஒரு நாள்கூட ஒரு டேப்பை வேறொரு டிரைவில் போட்டுப் படித்துப் பார்த்ததில்லை. ரொக்கத்தை எண்ணாமல் கையெழுத்துப் போட்டால் என்னை வேலையைவிட்டே அனுப்பியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான பேரின் கணக்கை எண்ணாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து, மாதம் ஒருமுறை ஒரு டேப்பைப் பக்கத்துக் கிளைக்கு எடுத்துப்போய், படித்துப் பார்த்து, ஒரு கணக்கின் இருப்பைச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து.

டேப் என்றால் பழைய சாமான் என்று நினைக்காதீர்கள். 2011 பிப்ரவரியில் மென்பொருள் கோளாறால் ஜிமெயில் வாடிக்கையாளர்களில் ஒரு சின்னப் பகுதியினரின் மெயில்கள் மறைந்துபோயின. கம்ப்யூட்டர்களில் இருந்த மற்ற நகல்களையும் அந்தக் கோளாறு விடவில்லை. கூகுள் கடைசியில் டேப்பிலிருந்துதான் திரும்பக் கொண்டுவந்தது. இணைப்பில்லாமல் அலமாரியில் இருந்ததால் அது தப்பித்தது. இன்னொரு கதை நிலாவுடையது. 1966, 67-ல் நிலாவைச் சுற்றிப் படமெடுத்த லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களின் டேப்புகள் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைப் படிக்கும் மெஷின் உலகத்திலேயே அரிதாகிவிட்டது. நாசாவில் வேலை பார்த்த ஓர் அம்மையார் பழைய மெஷின்களைத் தன் வீட்டில் பாதுகாத்து வைத்திருந்ததால்தான், 2008-ல் அவற்றைப் பழுதுபார்த்து அந்தப் படங்களை மறுபடி எடுக்க முடிந்தது. டேப்பை வைத்திருந்தால் போதாது, படிக்கிற மெஷினும் வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இங்கே பாதிப் பேர் வீட்டுப் பரணில் கல்யாண வீடியோ கேசட் இருக்கும். வி.சி.ஆர். தயாரிப்பதை ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே இந்த வருடமே கேசட்டை இறக்குங்கள். கண்ணாடி வழியாகப் பாருங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் வீட்டு மெஷினில் போடாதீர்கள். கேசட்டும் போகும், பூஞ்சை மெஷினுக்கும் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லையென்றால், முதலில் அழியாமல் இருக்க ஓரத்துச் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். கடைசி வரை ஒருமுறை சுற்றி, திரும்பச் சுற்றுங்கள். பிறகு ஓட்டும்போதே நகல் எடுத்துவிடுங்கள். 'முதலில் பார்ப்போம், பிறகு நகல்' என்று வைத்தால், பார்ப்பதோடு கேசட்டின் ஆயுள் முடிந்துவிடலாம்.

கடைசியாக நம் சங்கம். மெயின்டனன்ஸ் கணக்கு, சிங்கிங் ஃபண்டு, கட்டடத்தின் பிளான், ஒப்பந்தங்கள் எல்லாம் தரைத்தள அலுவலகத்தில் அந்த ஒரு கம்ப்யூட்டரில். பேக்கப் என்று பொருளாளர் சொன்ன ஹார்டு டிஸ்க் அதே மேசையின் அதே டிராயரில். 2015 டிசம்பர் மழையில் தரைத்தளத்தில் இருந்தவை என்ன ஆயின என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொருளாளரைக் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நானும் இருந்தவன்.

மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். பேக்கப் இரண்டு எடுங்கள், ஒன்று மேல்மாடியில் ஒரு உறுப்பினர் வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு காலாண்டின் முதல் ஞாயிறும் கமிட்டியில் ஒருவர் அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஏதாவது ஒரு வீட்டின் பாக்கித் தொகையைப் படித்து, அச்சடித்த ரசீதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பார்த்த பிறகு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடட்டும், அதற்கு முன் வேண்டாம்.

முதல் தடவை நான் வந்து உட்காருகிறேன். என் வீட்டு பாக்கியிலிருந்தே ஆரம்பிக்கலாம். பாக்கி எதுவும் இருக்காது என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.