பழைய காரின் மூக்கு



கண்டியில் ஓடும் கார்களில் இருபது வயதைத் தாண்டியவை கொஞ்சமல்ல. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் சற்று நேரம் நின்றால் போதும். கொரோலா 110, சன்னி எஃப்.பி. 14, ஸ்டார்லெட் என்று வரிசையாக வரும். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வண்டியைப் பேணத் தெரிந்தவர் பிழைத்துக்கொண்டார். அப்படிப் பேணும் கலையில் ஒரு சின்ன வேலையைத்தான் இன்று பேச எடுத்திருக்கிறேன்: பழுதான ஒட்சிசன் சென்சரை வீட்டில் வைத்து நாமே மாற்றுவது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பானர் பிடிக்கிற பகுதி எளிது. பொறுமையுள்ள எவரும் செய்யலாம். பழுது சென்சரில்தானா என்று கண்டறிவதில்தான் இந்த வேலையின் திறமை முழுவதும் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிப்பவர்கள் காசையும் இழந்து, பழுதையும் வைத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இந்தச் சென்சரை எஞ்சினின் மூக்கு என்று சொல்லலாம். புகைக்குழாயில் திருகியிருக்கும் இதன் நுனியில் சேர்க்கோனியாவால் ஆன ஒரு சிறு குப்பி. அதன் உட்புறம் வெளிக்காற்று, வெளிப்புறம் எஞ்சின் புகை. சூடு 300 பாகை செல்சியஸைத் தாண்டியதும், இரண்டு பக்கமும் உள்ள ஒட்சிசன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கும். பெற்றோல் கூடினால் 0.9 வோல்ற் அளவில், காற்று கூடினால் 0.1 வோல்ற் அளவில். அதைப் பார்த்துத்தான் கணினி, ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற நிறை அளவில் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. போஷ் நிறுவனம் உருவாக்கிய இதை, 1976 இல் முதன்முதலாக விற்பனைக் காரில் பொருத்தியது வொல்வோ.

மூக்கு செத்துப் போனால் கணினி குருட்டுக் கணக்கில் ஓடும். பெற்றோலைக் கொஞ்சம் கூடவே ஊற்றும். கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி தாகமெடுத்தது போலக் குடிக்கும், பிளக் கறுக்கும், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டு எல்லை தாண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பது நேயர்களுக்குத் தெரியும்.

கண்டிக்கு இது பணப் பிரச்சினை மட்டுமல்ல. ஒரு புறம் ஹந்தானை, மறுபுறம் உடவத்தகெலே, நடுவில் பள்ளத்தில் நகரம். வாகனப் புகை எளிதில் வெளியேறாது. பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும கண்டியின் வளி மாசு பற்றி நீண்ட காலம் ஆய்ந்து எச்சரித்து வந்தவர். நம் காரின் கலவை கெட்டால், பஸ் நிலையத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளைதான் அதைச் சுவாசிக்கிறது. அதனால்தான், எஞ்சின் எச்சரிக்கை விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு ஓடுவதையும், பரிசோதனை நாளுக்கு மட்டும் வண்டியைச் சரிக்கட்டுவதையும் என்னால் சாமர்த்தியம் என்று ஒத்துக்கொள்ள முடியாது.

இனி கண்டறிவதற்கு வருவோம். தொண்ணூறுகளின் டொயோட்டா பலவற்றில் பொனற்றுக்கு அடியில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் உட்பக்கத்திலேயே எழுத்துகள் அச்சிட்டிருக்கும். டி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போடுங்கள். எஞ்சின் விளக்கு சிமிட்டத் தொடங்கும். இரண்டு சிமிட்டு, சிறு இடைவெளி, ஒரு சிமிட்டு என்றால் அது 21, ஒட்சிசன் சென்சர் சமிக்ஞை. புதிய வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும்.

ஆனால் 21 வந்ததும் கடைக்கு ஓடாதீர்கள். ஒரு பிளக் எரியவில்லை என்றால் அந்தச் சிலிண்டரின் ஒட்சிசன் செலவாகாமல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகும். சென்சர் அதை முகர்ந்து, காற்று கூடிவிட்டது என்று அறிவிக்கும். அது உண்மையைத்தான் சொல்கிறது, பழுது பிளக்கில். சென்சருக்கு முன்னால் புகைக்குழாய் மூட்டில் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், அப்போதும் இதே கதை. வெடித்த வெற்றிட ரப்பர் குழாயும் இதே கூட்டம்தான். இவற்றை முதலில் பாருங்கள். பிறகு மல்ற்றிமீற்றரை எடுத்து, வயர் பிளக்கைக் கழற்றிச் சென்சரின் ஹீற்றர் முனைகளை அளந்து பாருங்கள். குளிர்ந்த நிலையில் பல டொயோட்டாக்களில் 11 முதல் 16 ஓம் வரை இருக்க வேண்டும். மீற்றர் அசையவே இல்லை என்றால் ஹீற்றர் அறுந்துவிட்டது. இணைப்பைத் திரும்பப் பொருத்தி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வைத்துச் சமிக்ஞைக் கம்பியின் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 10 செக்கனில் எட்டுத் தடவையாவது ஏறி இறங்கவேண்டும். சோம்பி நின்றால், அப்போது சென்சரை மாற்றலாம்.

பழைய பாகம் வாங்குவது நம் நாட்டு வழக்கம். பஞ்சிகாவத்தையில் கதவோ கியர்பெட்டியோ வாங்குவதில் தவறில்லை. சென்சரை மட்டும் புதிதாக வாங்குங்கள். அதன் ஆயுளே கிலோமீற்றரில்தான் இருக்கிறது. பாக இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் காற்று எரிபொருள் சென்சர் வேறு சாமான், ஒன்றுக்கு மற்றொன்று சரிவராது.

கண்டி வீடுகளில் சமதரை கிடைப்பதே அரிது. சரிவில் ஜாக்கி வைக்கவே வேண்டாம். சமதரையிலும் சில்லுகளுக்குக் கல் அடைத்து, தாங்கியில் வண்டியை நிறுத்திய பிறகே அடியில் போங்கள். அநேக வண்டிகளில் முன் சென்சரை பொனற்றைத் திறந்தே எட்டலாம். பற்றரியின் மறை முனையைக் கழற்றி, வயர் பிளக்கையும் முதலில் பிரித்துவிடுங்கள். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது துருநீக்கி எண்ணெய் விட்டு, 22 மில்லிமீற்றர் ஸ்பானரால் மெதுவாகத் திருப்புங்கள். பலம் காட்டினால் மரையே உரிந்து வரும். அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக் கராஜுக்குப் போவதுதான் கெட்டிக்காரத்தனம். புதியதை முதலில் கையால் திருகி, பிறகு அளவோடு இறுக்குங்கள். நுனியில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. வயரை வெட்டி இணைக்கவேண்டிய வகை என்றால் ஈயம் ஊதாமல் கிரிம்ப் பண்ணுங்கள்; பல சென்சர்களுக்கு உட்புறக் காற்று அந்த வயர் இழைகளுக்கு ஊடாகத்தான் போகிறது.

கழற்றிய பழசை எறிய முன் அதன் நுனியைப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூடி ஓடியிருக்கிறது. எண்ணெய்ப் பசை என்றால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. வெள்ளைப் பொடி என்றால் யாரோ தாராளமாக அப்பிய சிலிக்கோன் பசையோ, ரேடியேற்றர் நீர் சிலிண்டருக்குள் கசிவதோ காரணமாகலாம். அதைத் திருத்தாமல் விட்டால், இன்று பொருத்திய புதிய சென்சரும் சீக்கிரமே இதே நிறத்தில் கையில் வரும்.