கேஸ் டைரியை யார் படிக்கிறார்கள்?



சேலத்து மேடையில் புலனாய்வு பற்றிப் பேச வந்தவர் கோகுல்ராஜ் வழக்கைத் தாண்டிப் போக முடியாது. ஓமலூர் இளைஞர், பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. பார்த்தவுடன் தற்கொலை என்று தோன்றியது, பிறகு கொலை வழக்கானது.

பட்டியல் சாதியினருக்கு எதிரான வன்கொடுமையைத் தடுக்கும் சட்டமும் சேர்ந்த வழக்கு இது; அத்தகைய வழக்கை டி.எஸ்.பி.க்குக் குறைந்தவர் விசாரிக்கக் கூடாது என்பது விதி. பொறுப்பு திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியாவிடம் வந்தது. வயது 27. செப்டம்பர் 18 அன்று தன் குடியிருப்பில் அவர் இறந்து கிடந்தார். பணி அழுத்தம் பற்றி அன்று எழுந்த கேள்விகளுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் நம் பகுதியில்தான் எழுந்தன.

டி.எஸ்.பி.க்கு மேலே எஸ்.பி., டி.ஐ.ஜி., ஐ.ஜி. என்று படிகள் உண்டு. 'அரெஸ்ட் ஆச்சா?' என்று தினமும் போனில் கேட்பது மேற்பார்வை ஆகாது. கேஸ் டைரியை வரிவரியாகப் படிப்பதுதான் மேற்பார்வை. எந்தச் சாட்சி விடுபட்டார்? கேமரா பதிவு அழியுமுன் கைப்பற்றினோமா? அதற்குரிய சான்றிதழ் இருக்கிறதா? இவற்றைக் கேட்க ஒருவர் வேண்டும். நிலைய அதிகாரியின் அதிகாரங்கள் மேலதிகாரிக்கும் உண்டு என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, இன்றைய பி.என்.எஸ்.எஸ்.ஸின் 30ஆம் பிரிவு. அதிகாரம் உண்டென்றால் கையெழுத்தும் போட வேண்டும். வாய்மொழி உத்தரவு போட்டுவிட்டுக் கூண்டில் டி.எஸ்.பி.யை நிற்க வைப்பது என்ன நியாயம்?

கோகுல்ராஜ் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, நீதிமன்ற விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். கோயில் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே அந்தக் கோயிலுக்கு நேரில் வந்து பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள், மற்ற இருவரின் தண்டனையை ஐந்தாண்டாகக் குறைத்தார்கள். ஆவணத்தைப் படித்ததோடு நிற்காமல் இடத்தையும் பார்த்த அந்த நீதிபதிகளைத்தான் மேற்பார்வைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன், அவர்கள் போலீஸ் இல்லை என்றாலும்.

பட்டம் பெறும் மாணவர்களே, உங்களில் சிலர் குரூப்-1 எழுதி டி.எஸ்.பி. ஆவீர்கள், ஒருநாள் எஸ்.பி.யும் ஆவீர்கள். அப்போது உத்தரவை எழுத்தில் கொடுங்கள். நள்ளிரவில் உங்கள் டி.எஸ்.பி. கூப்பிட்டால் போனை எடுங்கள்.