எலியின் உணவும் மனிதனின் நோயும்



பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை என்றதும் கடைசல் பட்டறைகளும் இயந்திர உதிரிப் பாகங்களுமே நினைவுக்கு வரும். மருந்துகளையும் பூச்சிக்கொல்லிகளையும் விலங்குகளிடம் சோதிக்கும் ஆய்வுக்கூடமும் அங்கு உண்டு. டாட்டா குழுமத்தின் அட்வினஸ் நிறுவனமாக இயங்கிய அது, 2017-இல் யூரோஃபின்ஸ் குழுமத்தின் வசமாயிற்று. ஒரு பொருள் மக்களைச் சென்றடையுமுன் அதன் தீங்கைக் கண்டறிவது இத்தகைய கூடங்களின் பணி. ஆயினும், எலியிடம் கிடைத்த விடை மனிதனுக்கும் பொருந்துமா? உணவுக் கொழுப்பையும் புரோஸ்டேட் புற்றுநோயையும் பற்றி வெளிநாட்டில் நடந்த ஆராய்ச்சி இதற்கு நல்ல சான்று.

உணவின் வழியே பெறவேண்டிய கொழுப்பு அமிலங்கள் இரு வகைப்படும். சூரியகாந்தி எண்ணெயில் ஒமேகா-6 மிகுதி. ஆளி விதையிலும் மத்தி மீனிலும் ஒமேகா-3 மிகுதி. ஒமேகா-6 வழியே உடலில் உருவாகும் சில பொருள்கள் அழற்சியைத் தூண்டுவன. அழற்சி புற்றுநோய்க்குத் துணைபோகக்கூடும் என்பதால், ஒமேகா-3 அதனைத் தடுக்குமா என்ற வினா எழுந்தது.

அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். கட்டியை அடக்கும் 'பிடென்' என்னும் மரபணு புரோஸ்டேட் சுரப்பியில் நீக்கப்பட்ட சுண்டெலிகளை அவர்கள் ஆராய்ந்தனர். ஒமேகா-3 மிகுந்த தீவனம் உண்டவற்றில் கட்டி மெதுவாக வளர்ந்தது, ஆயுளும் நீண்டது.

மனிதரிடம் விடை வேறாயிற்று. அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நடந்த 'வைட்டல்' சோதனையின் முடிவு 2018-இல் வெளிவந்தது. நாள்தோறும் ஒரு கிராம் மீன் எண்ணெய் மாத்திரை உண்டோரிடம் புற்றுநோய் குறையவில்லை. புரோஸ்டேட் புற்றுநோயும் அவ்வாறே. 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இரத்தத்தில் ஒமேகா-3 மிகுந்திருந்த ஆடவரிடமே அந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது.

இதில் வியப்பில்லை. ஆய்வுக்கூட எலிகளுக்கு ஒரே மரபு, ஒரே தீவனம். அவற்றின் நோய்க்குக் காரணம் திட்டமிட்டு நீக்கிய ஒரு மரபணு. மனிதனிடமோ நோய் பல காரணங்களால் பல்லாண்டுகளில் முதிர்கிறது.

ஆகவே எலிச் சோதனை வீணன்று, அது முதற்படி. முதற்படியையே முடிவாக விற்பதுதான் தவறு. மாத்திரையை நம்பி மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கும் முதியவர் இழப்பது, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வாய்ப்பை. தவறான உணவு விளம்பரத்திற்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 'ஆராய்ச்சி நிரூபித்தது' என்ற சொல்லைக் காணும் அலுவலரும் மாணவரும் முதலில் கேட்கவேண்டியது ஒன்றே: அது யாரிடம் நிரூபிக்கப்பட்டது?