88-ஆம் சங்கீதமும் மின்கிதாரும்



1980களின் அமெரிக்கா. மேடையில் நான்கு பேர். தோளைத் தாண்டிய முடி, முகத்தில் ஒப்பனை, உடம்பு முழுக்க மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட உடுப்பு, காதைக் கிழிக்கும் கிதார். நடுவில் கூட்டத்தை நோக்கி எதையோ வாரி வீசுகிறார்கள். மற்ற ஹெவி மெட்டல் குழுக்கள் டிரம்ஸ் குச்சியை வீசும். இவர்கள் வீசியது பைபிள். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஸ்ட்ரைப்பர் என்ற குழு இது. 1986-இல் வந்த இவர்களுடைய 'டு ஹெல் வித் த டெவில்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 10 லட்சம் பிரதிகள் போய் பிளாட்டினம் தகுதி பெற்றது.

இரண்டு பக்கமும் இவர்களுக்கு அடி விழுந்தது. தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட், மத ராக் இசையே ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று 1987-இல் புத்தகம் போட்டார். ராக் ரசிகர்களோ, இது பிரசங்கத்துக்குப் போட்ட வேஷம் என்று ஒதுக்கினார்கள். ஆல்பத்தின் முதல் அட்டைப்படத்தில் நீண்ட முடியும் முறுக்கேறிய உடம்புமாய் தேவதூதர்கள் பிசாசை நெருப்புக் குழியில் தள்ளுவார்கள். அதுவும் பிரச்சினையாகி, வெறும் கறுப்பு அட்டை போட்டு விற்றார்கள். உடுப்பைப் பற்றியும் அட்டையைப் பற்றியும் இத்தனை பேச்சு. உள்ளே இருக்கும் பாட்டு எப்படி என்று பேசியவர்கள் குறைவு. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கிதார் வாசிப்பு முதல் தரம்; பாட்டின் பொருள் அவ்வளவு ஆழமில்லை. சண்டை தொடங்குமுன்பே யார் ஜெயிப்பார் என்று பாடுகிறவருக்குத் தெரிந்துவிடுகிறது.

நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாமாலையும் கீர்த்தனையும். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் காதில் ஹெட்போன், அதில் அமெரிக்க ராக். இரண்டுக்கும் நடுவில் எனக்குச் சண்டை இல்லை, சண்டையெல்லாம் பெரியவர்களுக்குத்தான். சத்தம் கூடுதல் என்பார்கள். எனக்குச் சத்தம் ஒரு குறையாகவே படவில்லை. கிறிஸ்தவ ராக் இசையில் எனக்கு இருக்கும் மனக்குறை வேறு.

பைபிளின் சங்கீதப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 150. அத்தனையும் துதியா? புலம்பலும் முறையீடும் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கின்றன. அதிலும் 88-ஆம் சங்கீதம் தனி ரகம். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியிலாவது நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை, இருட்டிலேயே முடிகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப்போடவும் இல்லை. ஒரு கிறிஸ்தவ ராக் ஆல்பம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது, இதற்குள் ஒரு 88-ஆம் சங்கீதம் உட்கார இடம் இருக்கிறதா என்றுதான். பெரும்பாலானவற்றில் இல்லை. இருக்கிற சிலவற்றைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் லேரி நார்மன். கலிஃபோர்னியாக்காரர். 'பீப்பிள்' என்ற ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவின் பாட்டு ஒன்று 1968-இல் அமெரிக்க ஹிட் வரிசையில் 14-ஆம் இடம் வரை ஏறியது. பிறகு குழுவை விட்டு விலகி, 1969-இல் கேப்பிட்டல் நிறுவனத்துக்காக 'அப்பான் திஸ் ராக்' ஆல்பத்தைப் பாடினார். முதல் கிறிஸ்தவ ராக் ஆல்பம் என்று பலர் சொல்வது இதைத்தான். ஹிப்பிகள் வெறுங்காலோடு சபைக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. காஸ்டா மேஸா என்ற ஊரில் போதகர் சக் ஸ்மித் தம்முடைய கால்வரி சேப்பலில் அவர்களை உட்காரவைத்தார். அவர்களோ கிதாரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். 1971-இல் அந்தச் சபையிலிருந்தே மரநாதா என்ற இசை நிறுவனமும் பிறந்தது.

நார்மனின் உச்சம் 1972-இல் வந்தது: 'ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானெட்', அதாவது இந்த உலகத்துக்குச் சும்மா வந்துபோகிறவன். பீட்டில்ஸ் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவில், லண்டனில் பதிவானது. அட்டையில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தலையில் கைவைத்தபடி நார்மன் நிற்கிறார். உள்ளே போனால், காதலி பிரிந்துபோன துக்கத்தில் ஒரு பாட்டு. அதில் ஆறுதல் வசனம் எதையும் ஒட்டவில்லை. வியட்நாம் போரை மாலைச் செய்தியாக விற்கும் தொலைக்காட்சி நிருபரின் வாயால் ஒரு பாட்டு. 'த கிரேட் அமெரிக்கன் நாவல்' என்பதில் தனிக் கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு, நிலவுக்கு ஆள் அனுப்பிவிட்டுப் பசித்தவனை மறந்த தேசத்தையும், கறுப்பர்களை வதைத்துவிட்டு ஞாயிறன்று கோயிலுக்குப் போகிற தேசத்தையும் நேருக்கு நேர் விசாரிக்கிறார். இன்னொரு பாட்டில் பால்வினை நோயின் பெயரே வருகிறது. அன்றைய கிறிஸ்தவப் புத்தகக் கடைக்காரர் இதை எந்த அலமாரியில் வைப்பார், சொல்லுங்கள்!

'ஐ விஷ் வீ'ட் ஆல் பீன் ரெடி' பாட்டும் இதில் மறுபடி பதிவாகியிருக்கிறது. இயேசுவின் இரகசிய வருகையில் கைவிடப்பட்டவர்களைப் பற்றியது. பயமுறுத்துவதற்கென்றே பலர் தொட்ட விஷயத்தை நார்மன் கத்தாமல், துக்கவீட்டில் பேசுகிற குரலில் பாடுகிறார். அந்த இறையியலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்தக் குரலோடு இருக்கிறது. எல்லாப் பாட்டும் தேறும் என்று சொல்லமாட்டேன். 1972-இன் பாப் உலகத்தைக் கேலி செய்யும் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' எனக்குப் பாதிதான் எட்டியது. கேலிக்கு ஆயுள் குறைவு. ஆனால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், நாட்டின் ஒலிப்பதிவுச் செல்வங்கள் என்று தான் காப்பாற்றும் பட்டியலில் இந்த ஆல்பத்தை 2013-ஆம் ஆண்டுக்கான தேர்வில் சேர்த்தது. நார்மன் அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 2008-இல் காலமாகிவிட்டார்.

நார்மன் திறந்த வாசல் அப்படியே திறந்திருக்கவில்லை. பிறகு வந்தது வியாபாரம். கிறிஸ்தவப் புத்தகக் கடைகள், கிறிஸ்தவ வானொலிகள், கிறிஸ்தவ இசை நிறுவனங்கள் என்று தனி உலகமே உருவானது. வாலிபர் கூட்டங்களில் ஒரு அட்டவணை மாட்டியிருப்பார்களாம்: உலகத்துக் குழுக்களில் உனக்குப் பிடித்தது இதுவானால், அதற்குப் பதில் இந்தக் கிறிஸ்தவக் குழுவைக் கேள் என்று. அந்த அட்டவணை இந்த இசைக்குச் செய்த கெடுதலை ஸ்வாகர்ட்டின் புத்தகம்கூடச் செய்யவில்லை. அசலுக்கு மாற்றாக ஒன்றைச் செய்யச் சொன்னால் கலைஞன் என்ன செய்வான்? நகல்தான் எடுப்பான். 1980களிலும் 90களிலும் வந்த எத்தனையோ ஆல்பங்கள் இப்படித்தான்: நேற்றைய ஹிட்டின் ஓசை, ஞாயிறு பள்ளியின் வார்த்தை.

இந்தச் சந்தையை எதிர்த்து நின்றவர்களும் உண்டு. கீத் கிரீன் என்ற பியானோக்காரர் 1980-இல் தம்முடைய ஆல்பத்தை, முடிந்ததைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அஞ்சலில் அனுப்பினார். அதில் ஒரு பாட்டுக்கு மவுத் ஆர்கன் வாசித்தவர் பாப் டிலன். இரண்டு வருஷத்தில் டெக்ஸாஸில் விமான விபத்து. கிரீனும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். அப்போது அவருக்கு வயது 28.

அடுத்த பெரிய ஆல்பம் என்று நான் சொல்வது டிசி டாக் குழுவின் 'ஜீசஸ் ஃப்ரீக்'. 1995 நவம்பரில் வந்தது. வெர்ஜீனியாவின் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் சந்தித்த மூன்று பேர்: டோபி மெக்கீஹன், மைக்கேல் டெய்ட், கெவின் மேக்ஸ். டெய்ட் கறுப்பர், மற்ற இருவரும் வெள்ளையர். ராப் பாடத் தொடங்கியவர்கள் இந்த ஆல்பத்தில் ராக்குக்குத் தாவினார்கள். தலைப்புப் பாட்டைக் கேட்டவுடன் நிர்வானா குழுவின் ஞாபகம் வருகிறது என்று அன்றைக்கே சொன்னார்கள். மறுக்க முடியாது; தணிந்த சரணம், வெடிக்கிற பல்லவி, அதே கட்டுமானம். ஆனால் நடுவில் டோபியின் ராப் வந்து பாட்டைப் பிடித்து உலுக்கும்போது இது நகல் என்பதே எனக்கு மறந்துபோகிறது. விற்பனையிலும் இதற்கு நேரம் கூடிவந்தது. அமெரிக்க விற்பனைக் கணக்கில் கிறிஸ்தவக் கடைகளின் விற்பனையும் சேர ஆரம்பித்தது அதே 1995-இல்தான். அதுவரை கண்ணுக்கே தெரியாத ரசிகர் கூட்டம் திடீரென்று பட்டியலில் தெரிந்தது. அடுத்து கிராமி விருதும் வந்தது.

இந்த ஆல்பத்தில் என்னை நிறுத்தி வைத்தது தலைப்புப் பாட்டு அல்ல, 'வாட் இஃப் ஐ ஸ்டம்பிள்'. நான் இடறி விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிற பாட்டு. பாட்டுக்கு முன்னால் எழுத்தாளர் பிரென்னன் மேனிங்கின் பேச்சு ஒலிக்கிறது: உதட்டால் அறிக்கையிட்டு வாழ்க்கையால் மறுதலிக்கிறவர்களைப் பற்றியது. ஆயிரக்கணக்கான வாலிபர்கள் முன்மாதிரியாகப் பார்க்கும் பாடகர்கள், உச்சத்தில் நின்றுகொண்டு, எங்களை நம்பாதீர்கள் என்கிற மாதிரி பாடுகிறார்கள்.

இதை இன்றைக்குக் கேட்பது எளிதல்ல. தம்முடைய போதைப் பழக்கத்தையும், ஆண்கள் சிலரை அவர்கள் விருப்பமின்றித் தகாத முறையில் தொட்டதையும் மைக்கேல் டெய்ட் 2025 ஜூனில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அந்தப் பாட்டை இனி எப்படிக் கேட்பது? பாட்டு தீர்க்கதரிசனமாயிற்று என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பாதிக்கப்பட்டவர்கள் இருக்கும் இடத்தில் அது அலங்காரப் பேச்சு. ஆல்பத்தை நான் தூக்கிப்போடவில்லை. ஆனால் அந்தப் பாட்டு வரும்போது கூடச் சேர்ந்து பாடுவதை நிறுத்திவிட்டேன்.

2000க்குப் பிறகு அந்தத் தனி உலகத்தின் வேலி சரியத் தொடங்கியது. பி.ஓ.டி. குழுவின் 'சாட்டிலைட்' வெளியான நாள் 2001 செப்டம்பர் 11. ஆம், அதே நாள். அமெரிக்கா அதிர்ந்துபோயிருந்த மாதங்களில் அந்த ஆல்பம் லட்சக்கணக்கில் போனது. 2003-இல் எவனெசன்ஸ் குழுவின் 'ஃபாலன்' கிறிஸ்தவக் கடைகளுக்கும் வந்து நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. நாங்கள் கிறிஸ்தவக் குழு இல்லை என்று குழுவினர் பேட்டியில் சொன்னதும், கடைகளிலிருந்து எடுத்துவிடும்படி வெளியீட்டு நிறுவனமே கேட்டுக்கொண்டது. முந்தின நாள் ஆசீர்வாதமாக இருந்த ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியது அலமாரி மட்டும்.

அதே வருஷம் வந்த ஸ்விட்ச்ஃபுட்டின் 'த பியூட்டிஃபுல் லெட்டவுன்' இந்தச் சிக்கலை வேறு விதமாய்க் கடந்தது. சான் டியாகோவில் கடலலையில் சறுக்கி விளையாடி வளர்ந்த பையன்கள். கிறிஸ்தவம் எங்கள் விசுவாசம், எங்கள் இசையின் வகை அல்ல என்பது பாடகர் ஜான் ஃபோர்மனின் நிலை. ஆல்பம் 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. இயேசுவின் பெயரைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. இதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்றுக்காகத்தானே பிறந்தோம் என்ற ஏக்கம் எல்லாப் பாட்டிலும் ஊறிக்கிடக்கிறது. ஸ்கில்லெட் குழுவையும் இங்கே சேர்க்கலாம். 'மான்ஸ்டர்' பாட்டைக் கேட்டுவிட்டு, இதில் எங்கேடா கிறிஸ்தவம் என்பான் என் நண்பன். விரும்பாததையே செய்கிறேன் என்று பவுல் ரோமருக்கு எழுதிய 7-ஆம் அதிகாரம்தான் எனக்குத் தோன்றும். ஆனாலும் அந்தப் பாட்டு இடம்பெற்ற 2009-இன் 'அவேக்'கைவிட, வயலின்கள் சீறுகிற 2006-இன் 'கோமடோஸ்'தான் நல்ல ஆல்பம். 'கோமடோஸ்' மனிதர்களுக்காகச் செய்தது, 'அவேக்' ஸ்டேடியத்துக்காக.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகப் பிடித்தது. ஒஹாயோவைச் சேர்ந்த ரிலையன்ட் கே, குறும்புக்காரக் குழு. சிரிக்கவைக்கிற துள்ளல் பாட்டுகளுக்குப் பெயர்போனவர்கள். 2007-இல் வந்த இவர்களுடைய ஐந்தாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'டெத்பெட்', 11 நிமிஷம் ஓடுகிறது. நுரையீரல் புற்றுநோயில் கிடக்கும் ஒரு கிழவர் தம் வாழ்க்கையைச் சொல்கிறார்: சிகரெட், குடி, உடைந்துபோன கல்யாணம். பெரிய பாவியும் இல்லை, பெரிய மனிதரும் இல்லை. வீணாய்ப்போன சாதாரண ஆள். இசை ஒரே இடத்தில் நிற்காமல் அவருடைய வயதோடு மாறிக்கொண்டே போகிறது. முடிவில் இயேசுவின் குரலாகப் பாட ஸ்விட்ச்ஃபுட்டின் ஜான் ஃபோர்மனையே கூப்பிட்டிருக்கிறார்கள். என் அளவுகோலின்படி இது 88-ஆம் சங்கீதம் அல்ல, கடைசியில் வெளிச்சம் வந்துவிடுகிறது. வரட்டும். பத்து நிமிஷம் அந்தக் கிழவரை இருட்டில் பேசவிட்டுக் காத்திருந்த பிறகுதானே வருகிறது.

ஆல்பத்தில் அதற்கு முந்தின பாட்டுகளை விட்டுவிட்டு இதை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். அந்த விளையாட்டையெல்லாம் கேட்டு முடித்தபிறகு இது வர வேண்டும்.