டிக்கெட்டின் விலையும் பிரயாணத்தின் செலவும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ரேணிகுண்டா இரு வகையில் வேண்டிய ஊர். திருவேங்கடவனைத் தரிசிக்கச் செல்வோர் இறங்கும் திருப்பதி விமான நிலையம் இவ்வூரில்தான் இருக்கிறது. அதன் புதிய கட்டடம் 2015 அக்டோபரில் திறக்கப்பெற்றது. தரிசனத்துக்குப் பின் அரக்கோணம் மார்க்கமாகத் தமிழ்நாடு செல்வதற்கு ரயில் சந்திப்பும் இங்கேயே உண்டு. விடுமுறையோ சில நாள். குடும்பத்திலோ நாலு பேர். எனவே, மலிவு விமான டிக்கெட்டை நாம் நாடுவது இயல்பே. அந்த டிக்கெட் உண்மையில் மலிவுதானா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கணக்குக்காக ஒன்றை வைத்துக்கொள்வோம். இணையத்தின் முதற் பக்கத்தில் தலைக்கு 3,000 ரூபாய் என்று காண்கிறோம். அடுத்த பக்கத்தில் இருக்கைக்கு 300, அதற்கடுத்து இன்ஷூரன்ஸுக்கு 200, பணம் செலுத்தும் இடத்தில் ‘வசதிக் கட்டணம்’ 300 என்று வந்து சேருகின்றன. தலைக்கு 800, நால்வருக்கு 3,200. வராத ஐந்தாம் ஆளுக்கும் நாம் டிக்கெட் வாங்கிவிட்டோம்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி நினைவுக்கு வருகிறதல்லவா?

இவையாவும் சட்டவிரோதம் என்று சொல்வதற்கில்லை. இருக்கைத் தேர்வு, உணவு முதலியவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்க விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அனுமதி அளித்திருக்கிறது. ஆனால், பிரயாணி தாமே விரும்பிக் கேட்டால்தான் வாங்கலாம் என்பது அதன் நிபந்தனை. இருக்கையைத் தேர்ந்தெடுக்காதவருக்கும் விமானத்தில் ஓர் இருக்கை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் அருகிலேனும் இடம் தரவேண்டும் என்றும் 2024 இல் அவ்வியக்ககம் உத்தரவிட்டது.

சட்டம் கண்டிப்பது மறைத்தலை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்தது. விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துக் கடைசியில் காட்டுவது அவற்றுள் ஒன்று. கேளாத பொருளைக் கணக்கில் சேர்த்துவிடுவது மற்றொன்று. இன்ஷூரன்ஸ் வேண்டாமென்பவரை, ‘நான் பாதுகாப்பின்றி இருக்கிறேன்’ என்று ஒப்புக்கொள்ளச் செய்து கூச வைப்பதும் அப்பட்டியலில் உதாரணமாகவே குறிக்கப்பட்டிருக்கிறது.

இனி, மூட்டை முடிச்சுகளைப் பற்றி. சரக்குப் பெட்டி இல்லாமல் வருவோருக்குக் குறைந்த கட்டணம் வைக்க 2021 இல் அனுமதி கிடைத்தது. அத்தகைய டிக்கெட்டை விவரம் அறியாமல் வாங்கியவர், பெட்டியோடு நிலையத்துக்கு வந்தால் அங்கே தனியே பணம் கட்ட வேண்டும். ரேணிகுண்டாவிலிருந்து திரும்புவோர் கையில், அண்டை வீட்டாருக்கென வாங்கிய லட்டுப் பிரசாதமும் கனக்கும். ஆகவே, டிக்கெட்டில் எத்தனை கிலோ எழுதியிருக்கிறதென்று வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நலம்.

பிரயாணம் தடைப்பட்டால் எல்லாம் போயிற்றென்று கைவிட வேண்டியதில்லை. பணம் திரும்பாது என்று விற்ற சலுகை டிக்கெட்டாயினும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் விமான நிறுவனம் திருப்பித் தரவேண்டும். சிறு தொகையென்று பலர் கேளாமல் விடுகிறார்கள். அது நம் பணம்.

நாம் செய்ய வேண்டியவை சிலவே. முதற் பக்க விலைகளை ஒப்பிடாமல் கடைசிப் பக்க மொத்தத் தொகைகளையே ஒப்பிட வேண்டும். முன்னமே இடப்பட்ட குறிகளை நீக்க வேண்டும். பணம் செலுத்துமுன் திரையைப் படமெடுத்து வைக்க வேண்டும். குறை நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், விமானத் துறை அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் முறையிடலாம். ரயில் கட்டணத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்வதும் இந்தக் கடைசித் தொகையை வைத்துத்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் ஊருக்குப் போகும் செலவு இன்னதென்று நமக்கே தெளிவாகும்.