பல் சொத்தையும் காபி டம்ளரும்

(கொச்சி, கொச்சங்காடியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மட்டாஞ்சேரிப் பக்கம் பல் வைத்தியம் பார்ப்பவன் நான். மசாலாக் கிடங்குகள் சூழ்ந்த ஊரல்லவா, பல்வலி என்று வருகிறவர்களில் பலர் கிராம்பைக் கடித்துக்கொண்டேதான் வருவார்கள். கிராம்பு வலியை மரத்துப்போகச் செய்யும், குழியை அடைக்காது.

குழி எப்படி விழுகிறது? வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் நம் வீட்டில் அடுத்த காபி வந்துவிடுகிறதே!

ஸ்வீடனில் விபெஹோம் என்ற விடுதியில் மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்து 1945-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். சம்மதம் கேட்காமல் செய்த கொடுமை; இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை சேர்த்துக்கொண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் ஏறவில்லை. இடைவேளைகளில் ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குத்தான் ஏகமாக ஏறிற்று.

ஆகவே இலையில் விழும் பாயசத்துக்கு நான் தடை சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து நாள் பூராவும் ஒவ்வொன்றாக வாயில் போடுகிறோமே, அந்தச் சர்க்கரை வரட்டிதான் வில்லன். "வெல்லம்தானே" என்பார்கள். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான்.

எனக்கு அதிகக் கவலை வயதானவர்களைப் பற்றி. ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் உமிழ்நீரைக் குறைத்துவிடும். வாய் வறள்கிறதென்று கற்கண்டை அடக்கிக்கொள்கிறார்கள். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடத்தில் எனாமல் கிடையாது. சொத்தை வேகமாகப் பரவும். எழுபது வயது வரை ஒரு பல்லும் போகாத மாமி ஒருவருக்கு இரண்டே வருஷத்தில் நாலு பல்லை எடுக்கும்படி ஆயிற்று. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். கற்கண்டுக்குப் பதில் அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர் போதும்.

குழந்தைகள் விஷயம் ஒன்று. ஆறு வயதில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல் பால்பல் அல்ல, ஆயுசுக்கும் அதுதான். "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். அதனால் இரவு ஃபுளோரைடு பேஸ்டால் தேய்த்தபின் பேரன் எவ்வளவு கெஞ்சினாலும் தண்ணீர் தவிர வேறொன்றும் கொடுக்காதீர்கள்.