கணினி "அனுமதி இல்லை" என்றால் திரும்பிப் போக வேண்டாம்

(வத்தேகமவில் தோட்டத்து இளைஞர் யுவதிகளுக்கும் பெற்றோருக்கும் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மடுல்கலை, பன்வில பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். மாத்தளை ரயிலில் வத்தேகம ஸ்டேசனில் இறங்கி நடந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். கிழமைக்கு ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. அந்த நாளையும் இதற்கென்று ஒதுக்கி வந்திருப்பதால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

நான் கணினி படித்த ஆள் இல்லை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். லயத்துக் கூரை, பிள்ளை மடுவம், தண்ணீர்க் குழாய் என்று ஓடித் திரிகிற உத்தியோகம் என்னுடையது. அப்படிப்பட்டவன் கணினியைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம், நான் விட்ட ஒரு பிழை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் டிவிசன் ஒன்றில் சனசமூக நிலையத்தில் ஒரு கணினி இருக்கிறது. யாரோ நல்ல மனது படைத்தவர்கள் கொடுத்த பழைய கணினி. உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை பின்னேரங்களில் அங்கே சாதாரண தர மாணவர்களுக்கு வகுப்பு நடத்தி வந்தது. பரீட்சைக்கு முன்னால் தமிழில் மாதிரி வினாத்தாள் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று அதற்கு ஆசை. தமிழ் தட்டெழுதும் மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தது. நிறுவுகிற வேலை பாதி தூரம் போகும். பிறகு ஒரு பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் "அக்சஸ் இஸ் டினைட்" என்று இருக்கும். உமக்கு அனுமதி இல்லை என்று அர்த்தம்.

மூன்று பின்னேரம் அந்தப் பிள்ளை முயன்றது. நாலாம் நாள் என்னிடம் வந்து, "எனக்கு இந்தக் கம்பியூட்டர் எல்லாம் சரிவராது சார். படிச்ச யாரையாவது பாருங்க" என்றது. பக்கத்தில் நின்ற ஒரு தம்பி, "கண்டிக்குக் கொண்டு போய் எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போடணும் சார்" என்றான். நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன். அழித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பிள்ளைகளின் இரண்டு வருசப் பாடக் குறிப்புகளும் சேர்ந்து அழிந்திருக்கும்.

அன்று இரவுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கணினியைக் கொண்டுவந்து வைத்தவர்கள் ஒரு கடுதாசித் துண்டில் ஏதோ ஒரு கடவுச்சொல்லை எழுதி என் கையில் தந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை நான் ஒரு கோப்பில் போட்டு அலுமாரியில் வைத்தவன்தான். காலையில் தேடி எடுத்தேன். கணினி கெட்டுப் போகவில்லை. பிள்ளையிடமும் பிழையில்லை. சாவி என் அலுமாரியில் கிடந்தது. அவ்வளவுதான் விசயம்.

இந்தப் பூட்டு என்ன பூட்டு என்று இப்போது சொல்கிறேன். உங்கள் காம்பராவில் கட்டிலை இந்தப் பக்கம் போடுவதா அந்தப் பக்கம் போடுவதா என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் தோட்டத்தில் உரமும் மருந்தும் வைத்திருக்கிற அறைக்குள் நினைத்தபடி போக முடியாது. அது நம்மை அவமானப்படுத்த அல்ல. உள்ளே இருப்பது எல்லாருக்கும் பொதுவானது, ஆபத்தானதும்கூட. கணினியும் அப்படித்தான். உங்கள் பெயரில் இருக்கும் இடத்தில் கடிதம், படம் எதையும் வைக்கலாம், அழிக்கலாம். ஆனால் "புரோகிராம் பைல்ஸ்" என்ற கோப்புறை, "விண்டோஸ்" என்ற கோப்புறை, கணினி தன் கணக்கு வழக்கை எழுதி வைக்கும் "ரிஜிஸ்ட்ரி" ஆகியவற்றின் பொதுப் பகுதி எல்லாருக்கும் உரியது. ஒரு மென்பொருளை நிறுவும்போது அது பெரும்பாலும் அந்த இடங்களில் போய் எழுதப் பார்க்கிறது. சாதாரணப் பயனர் கணக்கில் நாம் உட்கார்ந்திருந்தால் பூட்டு விழுகிறது. நிர்வாகி கணக்குக்குத்தான், அதாவது "அட்மினிஸ்ட்ரேட்டர்" கணக்குக்குத்தான் அங்கே எழுத அதிகாரம் உண்டு.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கினார்கள். ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுப் பாவித்த காலம் அது. ஒருவர் வேலையை இன்னொருவர் கெடுக்காமலிருக்க ஒவ்வொரு கோப்புக்கும் யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்று குறித்து வைத்தார்கள். விண்டோஸ் 95, 98 காலத்தில் வீட்டுக் கணினியில் கோப்புகளுக்கு அப்படியொரு பூட்டு இருக்கவில்லை. 2001இல் வந்த எக்ஸ்.பி. யில் பூட்டு இருந்தது. ஆனால் அநேகமானோர் நிர்வாகி கணக்கிலேயே எல்லா வேலையும் செய்ததால் சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நாம் போட்ட மென்பொருளுக்கும் அந்தச் சாவி கிடைத்தது, நமக்குத் தெரியாமல் வந்த வைரசுக்கும் அதே சாவி கிடைத்தது. அதனால்தான் 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவிலிருந்து, "இந்த மாற்றத்துக்குச் சம்மதமா?" என்று கேட்கிற பெட்டி வரத் தொடங்கியது. பலபேர் ஒரு கணினியைப் பாவிக்கிற நம்முடைய சனசமூக நிலையத்துக்கு இந்தப் பூட்டு மிகவும் அவசியம்.

சரி, நிறுவும்போது தடை வந்தால் என்ன செய்வது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பெட்டியை மூடாதீர்கள். அதில் இருப்பதை அப்படியே கொப்பியில் எழுதுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். "வேலை செய்யுதில்ல" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. 5 என்ற இலக்கத்தோடு "அக்சஸ் இஸ் டினைட்" என்று வந்தால் அனுமதிப் பிரச்சினை. 1925 என்று வந்தால், எல்லாப் பயனர்களுக்குமாக நிறுவ உங்கள் கணக்குக்கு அதிகாரம் போதாது என்று அர்த்தம். 2502, 2503 என்று வந்தால், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் "டெம்ப்" என்ற தற்காலிகக் கோப்புறையில் எழுதுகிற அனுமதி பெரும்பாலும் குழம்பியிருக்கும். அதை நிர்வாகிதான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, எல்லாத் தடையும் அனுமதித் தடை அல்ல. இடம் போதாது என்று வந்தால் தேவையில்லாததை அழிக்க வேண்டும். 64 பிட் மென்பொருளை 32 பிட் விண்டோஸில் போடவே முடியாது. நிர்வாகியே வந்து உட்கார்ந்தாலும் முடியாது. அந்தக் கணினிக்குரிய பதிப்பைத்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று பாருங்கள். செட்டிங்ஸில் "அக்கவுண்ட்ஸ்" பகுதியில், பழைய கணினியென்றால் கண்ட்ரோல் பேனலில், உங்கள் பெயருக்குக் கீழே "அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று இருக்கிறதா, இல்லையா என்று தெரியும்.

நான்காவது, சுருக்கிக் கட்டிய "சிப்" கோப்பாக இருந்தால் முதலில் அதைப் பிரித்து டெஸ்க்டொப்பில் வையுங்கள். மூட்டையை அவிழ்க்காமல் உள்ளே கைவிட்டுத் தேடினால் பாதிச் சாமான் கைக்கு வராது. பிறகு நிறுவும் கோப்பின் மேல் மௌசின் வலது பொத்தானை அழுத்தி "ரன் ஏஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். "நான் நிர்வாகி கணக்கில்தானே இருக்கிறேன், எனக்கு ஏன் தடை?" என்று சிலர் கேட்பார்கள். நிர்வாகி கணக்கில் இருந்தாலும் சாதாரண வேலைகளைச் சாதாரண அதிகாரத்தோடுதான் விண்டோஸ் நடத்துகிறது. சாவி சட்டைப் பையில் இருக்கும். எடுத்துப் பூட்டில் போட்டால்தான் கதவு திறக்கும்.

ஐந்தாவது, இணையத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு விண்டோஸ் ஓர் அடையாளம் போட்டு வைக்கும். அதனாலும் தடை வரலாம். கோப்பின் "புரோப்பர்டீஸ்" பெட்டியின் அடியில் "அன்பிளாக்" என்று இருந்தால் அதை விடுவிக்கலாம். ஆனால் கோப்பு எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே.

ஆறாவது, மாற்று வழி இருக்கிறதா என்று பாருங்கள். சில மென்பொருள்கள் "எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா?" என்று கேட்கும். எனக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் நிர்வாகி தேவைப்படாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, பாமினி போன்ற எழுத்துருவைக்கூட ஒருவர் தன் கணக்குக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்பு அதற்கும் நிர்வாகி வேண்டியிருந்தது. இன்னொன்று, விண்டோஸுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை மூன்று நாள் மினக்கெட்டிருக்காது.

இனி, செய்யக் கூடாதவை. தடை வருகிறதே என்று சி டிரைவ் முழுவதையும் எல்லாருக்கும் திறந்து விடாதீர்கள். சம்மதம் கேட்கிற பெட்டியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். "முதலில் வைரஸ் காவலை நிறுத்து, பிறகு போடு" என்று சொல்கிற திருட்டு மென்பொருளைத் தொடவே வேண்டாம். பாடசாலையிலோ அலுவலகத்திலோ இருக்கும் கணினியில் நிர்வாகி வேண்டுமென்றே தடுத்திருந்தால் குறுக்கு வழி தேடாமல் கேளுங்கள். நீங்கள் எதையும் நிறுவாத நேரத்தில் சம்மதம் கேட்டுப் பெட்டி வந்தால் "நோ" என்பதை அழுத்துங்கள்.

தாய்மார்களே, கணினி நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். உங்கள் கையிலிருக்கும் போனிலும் இதே பூட்டுத்தான். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கடன் தரும் செயலியைத் தொட்டவுடன், தெரியாத இடத்துச் செயலிக்கு அனுமதியில்லை என்று போன் சொல்லும். அப்போது செட்டிங்ஸுக்குப் போய்த் திறந்து விடாதீர்கள். அந்த இடத்தில் பூட்டு உங்கள் பக்கம் நிற்கிறது.

நிறைவாக ஒரு வார்த்தை. "இல்லை" என்று ஒரு இடத்தில் சொன்னால், ஏன் என்று கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருவது நம்முடைய தாத்தா பாட்டி காலத்துப் பழக்கம். பங்களா வாசலிலும், கந்தோர் வாசலிலும் அப்படித்தான் அவர்கள் திரும்பினார்கள். கணினி முன்னாலும் நம் பிள்ளைகள் அப்படித் திரும்பக் கூடாது. பூட்டை உடைக்கவும் வேண்டாம். "இது என்ன பூட்டு? சாவி யாரிடம்? எப்போது தருவீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

சாவி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அந்தப் பிழைக்குப் பிறகு நாங்கள் மூன்று காரியம் செய்தோம். நிர்வாகி கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டி, ஒன்றை என்னிடமும் ஒன்றை இளைஞர் கழகப் பொறுப்பாளரிடமும் வைத்தோம். வகுப்பு நடத்துபவருக்கும் மாணவர்களுக்கும் தனித்தனிச் சாதாரணக் கணக்கு திறந்தோம். கணினிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி கட்டித் தொங்கவிட்டோம். என்ன போட முயன்றார்கள், என்ன தடை வந்தது, எந்தத் திகதி என்று அதில் எழுதுகிறார்கள். வாரத்துக்கொரு தடவை நான் போய்ப் பார்க்கிறேன்.

அன்றைக்குக் கடவுச்சொல்லைப் போட்ட பிறகு, அந்த மென்பொருள் ஐந்து நிமிடத்துக்குள் ஏறிவிட்டது. அந்தக் கிழமையே வினாத்தாளும் அச்சாகி மாணவர் கைக்குப் போனது. நான் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், அடுத்த தடவை முதல்லயே உங்ககிட்ட கேட்கிறேன்" என்று சொன்னது. கணினி சரிவராது என்று சொன்ன அதே பிள்ளைதான் இப்போது அந்தக் கொப்பியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறது.